பாலி, ஜாவா கெரிஸ் பிடிகளில் இருக்கும் தெய்வம் எது? அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தோனேசியாவின் பாலித் தீவில் கெரிஸ் எனும் கத்தியைப் பார்க்கும்போது கண் முதலில் போவது பிடிக்குத்தான். உருண்ட விழி, கோரைப்பல், மடக்கிய முழங்கால், இடுப்பில் தொங்கும் துணி என்று விரல் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு உருவம் அங்கே இருக்கும். ஒரு வியாபாரி அதைச் சிவன் என்பார். பக்கத்துக் கடைக்காரர் துர்க்கை என்பார். ஏலப் பட்டியலில் ராட்சசன் என்று போட்டிருப்பார்கள். இதில் எது சரி என்று உருவத்தைப் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்யலாம், எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தால்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாயு என்றால் வாயு, பீமா என்றால் பீமன், விஸ்ணு, பிரம்மா, கணேசா எல்லாம் நமக்குத் தெரிந்தவர்கள்தான். ஆனால் அதே பழக்கம் நம்மைத் தடுமாறவும் வைக்கிறது. நாம் நான்கு கைகளைத் தேடுவோம், மேல் கையில் சங்கு சக்கரமோ மான் மழுவோ இருக்கிறதா என்று பார்ப்போம், காலடியில் வாகனத்தைத் தேடுவோம். கெரிஸ் பிடியில் இவை அநேகமாக இருக்காது. காரணம் எளிது: அது கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய பொருள். நீட்டிய கையும் ஆயுதமும் உள்ளங்கையில் குத்தும், இல்லாவிட்டால் ஒடிந்துபோகும். அதனால் சிற்பி உருவத்தை ஒடுக்கி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துவிடுகிறார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜாவா, பாலிச் சிற்பிகளின் கண் பழகியிருப்பது வயாங் எனும் நிழற்பாவைக் கூத்தின் உருவங்களில். அங்கே ஆள் யார் என்பதைத் தலைமுடி, உடுத்திய துணி, கண்ணின் வடிவம், நகம் இவைதான் சொல்லும். பிடியையும் அந்த வரிசையில்தான் வாசிக்க வேண்டும்.

முதலில் ஊரைக் கண்டுபிடியுங்கள்

தெய்வத்தின் பெயருக்குப் போகும் முன் பிடி எந்த ஊர்ப் பாணி என்று தெரிந்தாக வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் பல ஊர்ப் பிடிகளில் தெய்வமே கிடையாது.

முழு உருவம், அதுவும் கண் மூக்கு நகையெல்லாம் தெளிவாகத் தெரியும்படி செதுக்கியது என்றால், பாலி அல்லது அதன் கிழக்கே உள்ள லொம்போக் என்று தொடங்கலாம். இந்த வகைக்கு அங்கே தொகொகன் என்று பெயர். பாலியில் கெரிஸை முதுகுப்பக்கம் உயரமாகச் செருகுவார்கள். பிடி வலது தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். ஆக, அந்த உருவம் பிறர் கண்ணில் படவே செய்யப்பட்டது. ஆனால் பாலியிலும் எல்லாப் பிடியும் உருவம் அல்ல. கொசெத்-கொசெத்தான் என்ற வகை கூட்டுப்புழு போன்ற ஒடுங்கிய வடிவம். நூல் சுற்றிய பிடிகளும், மழமழவென்ற மரப் பிடிகளும் ஏராளம்.

மத்திய ஜாவாவின் சோலோ, யோக்யகர்த்தா அரண்மனைப் பாணி முற்றிலும் வேறு. லேசாக வளைந்து குனிந்த, வழுவழுப்பான மரப்பிடி. உள்பக்கத்தில் மேலும் கீழுமாகப் பத்ரா எனப்படும் இரண்டு சின்னச் செதுக்கல்கள் மட்டும் இருக்கும். அவற்றில் முகம் தெரிகிறது என்று சிலர் சொல்வதுண்டு. எந்தத் தெய்வத்தின் முகம் என்று பெயர் வைப்பதற்கு அதில் எதுவும் இல்லை. ஜாவாவின் வடகரையில் சிரெபொன், தெகல் பக்கம் குந்தியிருக்கும் அரக்க உருவங்கள் வரும். இவற்றை ராஜமாலா என்று அழைப்பது வழக்கம். ஜாவா வயாங் கதையில் ராஜமாலா விராட நாட்டுக் கீசகனின் உடன்பிறந்தவன், பீமன் கையால் சாகிறவன். ஆகவே வடகரைப் பிடியின் கோரைப்பல்லைப் பார்த்தவுடன் பைரவர், காளி என்று போய்விடக் கூடாது.

மதுரா தீவின் பிடிகளில் பூவேலைப்பாடு நெருக்கமாக இருக்கும். சில சமயம் ஐரோப்பிய மகுடமும், சுமெனெப் அரச சின்னமான சிறகு முளைத்த குதிரையும் வரும்.

சுமத்ராவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் கிடைக்கும் 'ஜாவா டெமாம்' பிடி, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு குனிந்த ஆள் போல இருக்கும். கெலாந்தான், பட்டாணி வட்டாரத்தின் நீண்ட மூக்குப் பிடிக்குத் தஜோங் என்று பெயர், மீன்கொத்திப் பிடி என்றும் சொல்வார்கள். மலேசியத் தமிழர்கள் அருங்காட்சியகங்களில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டையும்தான். பழைய உருவப் பிடி படிப்படியாகச் சுருங்கி இப்படி ஆனது என்ற கருத்து பரவலாக உண்டு. எனக்கும் அது ஏற்புடையதே. ஆனால் கருடனா, விஷ்ணுவா, முன்னோரா என்று அதில் ஒரு பெயரை ஒட்டுவது ஆசையே தவிர வாசிப்பு ஆகாது. இந்த வகைகளில் பாணியின் பெயரை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிடி கத்தியின் அலகோடு, அதாவது வெட்டும் பகுதியோடு, நிரந்தரமாகச் சேர்ந்தது இல்லை. அலகின் அடியிலுள்ள கம்பியில் துணியைச் சுற்றி அதில் பிடியைச் செருகியிருப்பார்கள். கழற்றி வேறு பிடி போடலாம், போட்டும் இருப்பார்கள். எனவே அலகு ஜாவா என்பதால் பிடியும் ஜாவா என்று கொள்ள வேண்டாம். பிடியைத் தனிப் பொருளாகவே பாருங்கள்.

சுற்றிலும் பாருங்கள், சாய்ந்த ஒளியில்

முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கவே கூடாது. முன், பின், இரு பக்கம், உச்சி, அடி, இரு கைகளும் நெருக்கமாக என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வையுங்கள். தேய்ந்துபோன துணிக் கட்டமும் நகமும் அப்போதுதான் தெரியும். தங்கப் பிடிகளில் மேல் ஒளி பட்டால் பளபளப்புதான் தெரியும், உருவம் தெரியாது.

கண்ணும் வாயும்

வயாங் மரபில் உருவங்கள் இரண்டு பெரும் குலமாகப் பிரியும். மென்மையானவர்களுக்கு நீண்டு ஒடுங்கிய கண், கூரான மூக்கு, மூடிய வாய், மெலிந்த உடல். அர்ஜுனன், ராமன், தேவியர் இந்தப் பக்கம். முரடர்களுக்கு உருண்டு பிதுங்கிய கண், தடித்த மூக்கு, தெரியும் பல், மீசை. இதை வைத்து நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கக் கூடாது. பீமன் முரட்டுப் பக்கம். வாயு தேவனும் அந்தப் பக்கம்தான். கோரைப்பல் இருந்தால் தெய்வமாக இருக்க முடியாது என்று நினைப்பவர்களும், கோரைப்பல் இருந்தாலே காளி என்பவர்களும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்.

பாலிப் பிடிகளில் அதிகம் கிடைப்பது முரட்டு முகம்தான். அவற்றில் நிறைய உருவங்கள் பொதுவான ராட்சசக் காவலர்கள். கோயில் வாசலில் கதாயுதத்தோடு மண்டியிட்டிருக்கும் துவாரபாலகர்களின் உறவு இவர்கள். வேறு அடையாளம் எதுவும் கிடைக்காவிட்டால் ராட்சசன் என்பதே சரியான விடை. சந்தையில் சிவன் என்று விலை ஏற்றி விற்கப்படும் பிடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். காவல் நிற்கும் ராட்சசனுக்கும் அந்தப் பண்பாட்டில் மரியாதையான இடம் இருக்கிறது.

தலைமுடியும் மகுடமும்

இங்கே நிதானமாக நேரம் செலவழியுங்கள். தேய்மானத்துக்குத் தப்பி அதிகம் எஞ்சுவது தலைப்பகுதி.

பின்னாலிருந்து மேலே எழுந்து, முன்பக்கமாகக் கொக்கி போலச் சுருண்டு வரும் கொண்டைக்கு சுபித் ஊராங் என்று பெயர். பீமன், அர்ஜுனன் போன்றோருக்கு உரியது. அடுக்கடுக்காக உயரும் கிரீடம் அரசனையோ தேவனையோ காட்டும். தலைப்பாகை போன்ற சுற்று துறவிகளுக்கும், ரிஷி வடிவத் தேவர்களுக்கும். அவிழ்ந்து முதுகில் பரந்து கிடக்கும் முடி என்றால் அரக்க, அரக்கியர் பக்கம் போங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. பல மகுடங்களின் பின்பக்கம் அலகும் கண்ணும் கொண்ட ஒரு பறவைத் தலை இருக்கும். அது கருட முங்குர் என்ற அணி. பின்புறம் பார்த்த கருடத் தலை, மகுடத்தின் ஒரு பாகம், அவ்வளவுதான். அதை வைத்து உருவத்தைக் கருடன் என்றோ விஷ்ணு என்றோ சொல்ல முடியாது. பிடி கருடன்தான் என்றால் உருவத்தின் முகத்திலேயே அலகு இருக்கும், தோளிலிருந்து சிறகு இறங்கும். அப்படியான பிடிகளும் பாலியில் உண்டு.

துணியும் கட்டைவிரல் நகமும்: வாயுவின் குடும்பம்

இதைக் கற்றுக்கொண்டால் பாலிப் பிடிகளில் ஒரு பெரிய பகுதி உங்களுக்குத் திறந்துவிடும்.

இடுப்புத் துணியில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கிறதா? அதுதான் பொலெங். பாலியில் கோயில் காவல் சிலைகளுக்கும் பெரிய மரங்களுக்கும் இன்றும் சுற்றிக் கட்டுகிற துணி. மரத்திலோ தந்தத்திலோ நிறம் இருக்காது. கட்டங்களை மாற்றி மாற்றிக் குழித்தோ, கோடு கிழித்தோ காட்டியிருப்பார்கள். அடுத்து கட்டைவிரலைப் பாருங்கள். நகம் மட்டும் தனியாக நீண்டு, கத்தி போல விறைத்திருந்தால் அது பஞ்சநகா. இரண்டும் சேர்ந்தால் நீங்கள் வாயுவின் குடும்பத்தில் இருக்கிறீர்கள்: வாயு, அவர் மகன் பீமன், இன்னொரு மகன் அனுமன்.

மூவரையும் பிரிப்பது அவ்வளவு கடினம் அல்ல. குரங்கு முகமும், முதுகோடு ஒட்டி மேலேறும் வாலும் இருந்தால் அனுமன். குரங்கு இருக்கிறது, பொலெங்கும் நகமும் இல்லை என்றால் சுக்ரீவனாகவோ வாலியாகவோ வேறு வானரமாகவோ இருக்கலாம். அனுமன் என்று அவசரப்பட வேண்டாம். மனித முகம், மீசை, சுபித் ஊராங் கொண்டை, கழுத்திலோ மார்பிலோ பாம்பு என்றால் பீமன். முரட்டு முகமும் தேவ மகுடமும் கொண்டு, கையில் அமிர்தக் குடுவையை ஏந்திய உருவத்தை பாயு என்று குறிப்பதே பாலிப் பிடிகளில் வழக்கம். பாலியின் தங்கப் பிடிகளில் பலவும் இந்த வாயு வடிவம்தான்.

போர்க் கருவியில் வாயு குடும்பம் இவ்வளவு இடம் பிடித்ததில் வியப்பில்லை. மத்திய ஜாவாவில் லாவு மலைச் சரிவில் உள்ள சுகுஹ் கோயிலைப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது, வாசலில் உள்ள ஆண்டு 1437க்கு நிகரானது. அங்கே ஒரு புடைப்புச் சிற்பத்தில் பீமன் கொல்லனாக உட்கார்ந்து கத்தி அடிக்கிறான், அர்ஜுனன் துருத்தி ஊதுகிறான், நடுவே யானைமுகத்தோடு பிள்ளையார் ஆடுகிறார். கெரிஸ் செய்வதைக் காட்டும் பழைய சிற்பங்களில் இதற்கு நிகரானது இல்லை. பீமனின் கொண்டை எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணைப் பழக்கவும் அதுவே நல்ல பாடம்.

கையில் என்ன இருக்கிறது

இப்போதுதான் கைகளுக்கு வர வேண்டும். பாலியில் தேவதா நவ சங்கா என்ற ஒன்பது திசைத் தேவர் மரபு உண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு ஆயுதம் உண்டு. கிழக்கில் ஈஸ்வரனுக்கு வஜ்ரம், தெற்கில் பிரம்மாவுக்குக் கதை, மேற்கில் மகாதேவனுக்கு நாகபாசம், வடக்கில் விஷ்ணுவுக்குச் சக்கரம். வடகிழக்கில் சம்பு திரிசூலம் ஏந்துவார், தென்கிழக்கில் மகேஸ்வரன் தூபம், தென்மேற்கில் ருத்ரன் உலக்கை போன்ற மோக்சலா, வடமேற்கில் சங்கரன் அங்குசம். நடுவில் சிவனுக்குத் தாமரை.

இந்தப் பட்டியலில் நம்மை உறுத்துவது பிரம்மாவின் கதை. நம் கோயில்களில் கமண்டலமும் ஜபமாலையும் பார்த்துப் பழகிவிட்டோம். திரிசூலமும் அப்படித்தான்: நாம் உடனே சிவன் என்போம், பாலி முறையில் அது சம்புவாக இருக்கலாம். ஒவ்வொரு திசைக்கும் நிறமும் உண்டு. கிழக்கு வெள்ளை, தெற்கு சிவப்பு, மேற்கு மஞ்சள், வடக்கு கறுப்பு. ஆனால் பிடியில் உள்ள சாயம் பழையதுதான் என்று உறுதியானால் ஒழிய நிறத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். பதித்த கற்களின் நிறமும் திசையைச் சொல்லாது.

கதையை மட்டும் வைத்துப் பிரம்மா என்று எழுதவும் முடியாது. பீமனிடம் கதை உண்டு, காவல் ராட்சசனிடமும் உண்டு. ஆயுதம் தனியாக எதையும் நிரூபிக்காது. முகம், தலை, துணி மூன்றும் அதற்கு ஒத்துவர வேண்டும். அப்புறம், கையில் எதுவும் இல்லாவிட்டால் ஒடிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய கைக்குள் துளை இருந்தால் முன்பு ஏதோ செருகியிருந்திருக்கிறது.

சில தெய்வங்கள், தனித்தனியாக

பிள்ளையாரைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று தோன்றும். பெரும்பாலும் சுலபம்தான். ஆனால் அமர்ந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஜாவா மரபில் இரு முழங்காலும் வெளிப்புறம் விரிந்து, பாதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். கிழக்கு ஜாவாவின் சிங்கசாரிப் பிள்ளையார் மண்டையோடுகள் மேல் அமர்ந்திருக்கிறார். பிளித்தார் அருகே பாராவில் உள்ள 1239ஆம் ஆண்டுப் பிள்ளையாரின் முதுகில் ஒரு காலனின் முகம் பெரிதாக விழித்துப் பார்க்கிறது. ஆகவே மண்டையோடோ பயங்கர முகமோ இருப்பதால் அது பிள்ளையார் இல்லை என்று ஒதுக்க வேண்டாம். மறுபுறம், பாலி அலங்காரத்தில் கராங் அஸ்தி என்ற யானைத்தலை மூலைகளில் வரும். முழு உடலும் இல்லாமல் தலை மட்டும் இலைக்கொடியோடு சேர்ந்திருந்தால் அது வெறும் அலங்காரம்.

துர்க்கை விஷயத்தில் பொறுமை தேவை. மத்திய ஜாவாவின் 9ஆம் நூற்றாண்டுப் பிரம்பனான் கோயிலில் இருப்பவள் நாம் அறிந்த மகிஷாசுரமர்த்தினி. பல கைகள், அமைதியான முகம், காலடியில் எருமை. காலப்போக்கில் பாலியில் துர்க்கை சுடுகாட்டுத் தெய்வமாகவும் மாந்திரீகத்தின் தலைவியாகவும் ஆனாள். ரங்தா என்ற சூனியக்கார உருவம் அவளோடு ஒட்டியே வருகிறது. தொங்கும் நாக்கு, தொங்கும் மார்பு, பத்து விரலிலும் நீண்ட நகம், அவிழ்ந்த முடி. இவை சேர்ந்திருந்தால் ரங்தா என்று எழுதுங்கள். துர்க்கை என்று அடைப்பில் சேர்க்கலாம். மார்பு பெண்ணுடையதா என்று தெளிவாகாத குந்திய அரக்க உருவத்தைத் துர்க்கை என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. எல்லா விரலிலும் நகம் நீண்டிருப்பதற்கும் கட்டைவிரல் நகம் மட்டும் நீண்டிருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே உயிர்நாடி.

நிர்வாணமாக, ஒரு காலை மடக்கி நின்று, மூட்டுகளிலிருந்து சுடர் கிளம்பும் உருவம் அசிந்த்யா. பாலியர்கள் வணங்கும் பரம்பொருளின் வடிவம். நடராஜர் என்று நமக்குத் தோன்றும். காலடியில் முயலகன் இல்லை, சுற்றிலும் திருவாசி இல்லை என்பதைப் பாருங்கள்.

நான்கு கைகளோடு காளை மேல் நிற்பவர் பதாரா குரு, ஜாவா வயாங்கில் சிவன். பாவையில் அடிக்கடி காணலாம், பிடியில் அரிது.

அடியும் முதுகும்

உருவத்தின் கீழே வரும் முக்கோண வரிசை தும்பால் என்ற பொது அலங்காரம். தாமரை ஆசனமும் பரவலாக எல்லாருக்கும் வருகிறது. முதுகில் இலைக்கொடிக்கு நடுவே கண் பிதுங்கிய ஒரு முகம் இருந்தால் அது போமா, கோயில் வாசல் மேல் இருப்பவர். பாலியர் கதையில் விஷ்ணுவுக்கும் பூமித்தாய்க்கும் பிறந்தவர். முதுகில் இருப்பவரை முன்பக்க உருவத்தோடு குழப்பாதீர்கள்.

பழையதா, புதியதா

உண்மையில் கையாண்ட பிடியில் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. உள்ளங்கை படும் இடங்களான மூக்கு, முழங்கால், வயிறு மழுங்கியிருக்கும், இடுக்குகள் கூர்மையாகவே இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் சாயம் பூசிப் பழசாக்கியது என்று சந்தேகியுங்கள். பித்தளை வார்ப்பில் பக்கவாட்டில் இணைப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புதுச் சிற்பிகள் பல கதாபாத்திரங்களின் அடையாளங்களை ஒரே உருவத்தில் சேர்த்துவிடுவதும் உண்டு. பொலெங் துணி, பெண் மார்பு, சக்கரம் மூன்றும் ஒன்றாக வந்தால் குழம்ப வேண்டாம், அது பெரும்பாலும் சுற்றுலாச் சரக்கு.

தந்தப் பிடி வாங்க நினைத்தால் சட்டத்தை முதலில் பாருங்கள். ஆசிய யானை 1975 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. எல்லை தாண்டி எடுத்து வருவது சிறை வரை கொண்டுபோகும்.

கண்ணைப் பழக்க நல்ல இடங்கள் உண்டு. பாலியில் உபுதிலுள்ள நெகா கலை அருங்காட்சியகத்தில் கெரிஸ்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் அரச குடும்பங்களின் கெரிஸ்கள் உள்ளன. 1894இல் லொம்போக் அரண்மனையிலிருந்து டச்சுப் படை அள்ளிச் சென்ற செல்வத்தில் 335 பொருட்களை நெதர்லாந்து 2023இல் திருப்பிக் கொடுத்தது. பாலியின் குளுங்குங் அரசுக்குரிய கெரிஸ் ஒன்றும் அப்போது திரும்பி வந்தது. பாலியில் யாராவது வீட்டுக் கெரிஸைக் காட்ட முன்வந்தால், உறையிலிருந்து உருவச் சொல்லிக் கேட்காதீர்கள். 210 நாளுக்கு ஒருமுறை வரும் தும்பெக் லண்டெப் நாளில் அதற்குப் படையல் வைத்து வணங்குகிறார்கள். நம் ஆயுத பூஜையை நினைத்துக்கொண்டால் எப்படி நடந்துகொள்வது என்று தானாகத் தெரியும். பிடியைப் பார்க்க உறையிலிருந்து உருவத் தேவையும் இல்லை.

குறிப்பு எழுதும் முறை

கடைசியாக, கண்டதை எழுதுங்கள். முதலில் ஊர்ப் பாணி, பொருள், பிறகு கண்ணால் பார்த்த அடையாளங்கள், கடைசியில்தான் பெயர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அடையாளங்களாவது ஒரே பெயரைச் சொன்னால் அதை எழுதலாம். ஒன்று மட்டும் இருந்தால் 'ஆக இருக்கலாம்' என்று போடுங்கள். எடுத்துக்காட்டாக: "பாலி, தொகொகன் வகை, மரம். குந்திய ஆண் உருவம், உருண்ட கண், மீசை, சுபித் ஊராங் கொண்டை, பொலெங் துணி, வலது கட்டைவிரல் நகம் நீண்டது, இடது கை ஒடிந்துள்ளது. பீமன்." இதே பிடியில் கொண்டையும் துணியும் தேய்ந்துபோய் நகம் மட்டும் எஞ்சியிருந்தால், "வாயு குடும்பத்து உருவமாக இருக்கலாம், பீமனோ பாயுவோ" என்று முடியுங்கள்.